கோவளம் கடலில் மீன் பார்க்க ஒரு சின்ன யோசனை

சென்னையை அடுத்த நீலாங்கரை, கோவளம் பக்கம் ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்குள் முங்குவது) போகிறவர்களில் பலர் "ஒரே கலங்கல், ஒன்றுமே தெரியவில்லை" என்று அலுத்துக்கொண்டு கரையேறுகிறார்கள். அந்தமான் தெளிவை இங்கே எதிர்பார்க்க முடியாதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் சேறாகிவிடும். மாசிக்கு அப்புறம் தேவலை.

ஆனால் கலங்கலைவிட அவசரம்தான் காரியத்தைக் கெடுக்கிறது. கடலடிப் பாறைத் திட்டு முழுக்கச் சுற்றிவர நினைக்காதீர்கள். ஒரே ஒரு பாறைக்குச் சற்று மேலே, மூச்சை அடக்காமல் நிதானமாக விட்டபடி, ஐந்து நிமிடம் மிதந்து பாருங்கள். காலில் மாட்டிய துடுப்பு தரையில் பட்டால் மண் கிளம்பிவிடும், கவனம்.

பிறகு பொந்துகளில் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். கடல்நீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்கும். அதனால் பழுப்பாகக் கிடந்த ஒன்று வெளிச்சம் பட்டதும் செக்கச்செவேலென்று மாறும். இடுக்கில் இரண்டு நீள மீசை ஆடினால் சிங்கி இறால். பாம்பு போல நீண்ட அஞ்சாளை மீன் வாயைத் திறந்து திறந்து மூடினால் பயப்பட வேண்டாம், அது மூச்சு விடுகிற விதமே அப்படி. விரலை நீட்டினால் கடிக்கும், அது வேறு விஷயம்.

கையை எங்கும் ஊன்றாதீர்கள். கல்மீன் அசல் கல்லாகவே தெரியும். முள் குத்திவிட்டால் ஐஸ் வைக்காமல், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் அந்த இடத்தை முக்கிவைத்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு: பல முறை முங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறுங்கள்.