கொடுப்பதற்கு முன் ஒரு போன் போடலாமே!

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நாலாம் நாள், எங்கள் குடியிருப்பில் சேர்ந்த துணி மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். வழி நெடுக தென்னை சாய்ந்து கிடந்தது. ஊருக்குள் நுழையும் இடத்திலேயே ஒரு துணிக் குவியல், எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் இறக்கிவிட்டுப் போனது. மழையில் ஊறி நாற்றமடித்தது. அதன் உச்சியில் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது.

எங்கள் மூட்டையைப் பிரித்த ஒரு அக்கா, ஜிப் போன ஜீன்ஸ் ஒன்றை எடுத்தார், அப்புறம் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டு ஒன்றை. இரண்டையும் மடித்து உள்ளேயே வைத்துவிட்டு, "தார்ப்பாய் இருக்கா தம்பி?" என்றார். இல்லை. "மெழுகுவத்தி?" அதுவும் இல்லை. "கொசுவத்தியாச்சும்?"

கூரை பறந்துபோன வீடு. கரண்ட் இல்லை, அதனால் மோட்டார் ஓடவில்லை, அதனால் தண்ணீரும் இல்லை. வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக் கொடுத்த பக்கத்து ஊர்ப் பையன்கள்தான் அன்றைக்கு உண்மையில் உதவினார்கள். நாங்கள் செய்தது எங்கள் பீரோவைக் காலி செய்ததுதான். ஊராட்சிக்காரர் யாருக்காவது கிளம்பும் முன் ஒரு போன் போட்டிருந்தால் அந்த வேனில் தார்ப்பாய் போயிருக்கும்.

இது புதுத் தவறும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழந்துணி மலைபோலக் கிடந்தது. வீட்டையும் படகையும் இழந்தவர்களிடம் அடுத்தவர் கட்டிக் கழித்த சேலையைக் கொடுத்தால் அவர்களுக்கு அது அவமானம் என்று அப்போதே எல்லோரும் பேசினோம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மறுபடி அதையே செய்தோம். துணி கொடுக்கத்தான் வேண்டும் என்றால், பொத்தான் இருக்கிறதா, துவைத்ததா, சேலையோடு பாவாடை, ஜாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளத்தில் நின்றவருக்கு முதலில் வேண்டியது புது உள்ளாடை, நைட்டி, லுங்கி, துண்டு, நாப்கின். இதையெல்லாம் கேட்க அவர்களுக்குக் கூச்சம், கொடுக்க நமக்குக் கூச்சம். அதனால் யாரும் கொண்டுபோவதில்லை.

இன்னொரு தவறு, முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவது. டிவியில் படம் ஓடும்வரை வேன் வரும், அப்புறம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு நெட்டைத் தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். அத்தனை வருஷமும் அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும். கையில் 5,000 ரூபாய் இருந்தால் பாதியை முதல் வாரத்துக்கும் மீதியை ஆறு மாதம் கழித்தும் கொடுக்கலாம். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. தைப்பூசக் கூட்டம் கலைந்த பிறகும், ஒரு விசேஷமும் இல்லாத புதன்கிழமையிலும் அதற்கு அரிசி வேண்டும்.

காப்பகத்தில் போய்ப் பிறந்தநாள் கொண்டாடுவது பற்றியும் சொல்ல வேண்டும். நானும் செய்தவன்தான். என் மகளின் பிறந்தநாளுக்கு பிரியாணி, கேக்கோடு போனபோது, எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் கிளம்பிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, முகம் தெரியாத என் மகளுக்கு வாழ்த்துப் பாட்டுப் பாடினார்கள். அன்றைக்கு அது இரண்டாவது பாட்டு. ஒரு பையன் பிரியாணியைத் தொடவில்லை. வயிறு நிறைந்திருந்தது, பாவம்.

அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மா ஒரு டைரியைக் காட்டினார். ஞாயிறு எல்லாம் மூன்று மாதத்துக்கு நிரம்பியிருந்தது. செவ்வாய், புதன் வெற்றுத்தாள். "சாப்பாடு வருது சார். கேஸ், சோப்பு, கரண்ட் பில் யாரும் கேக்கறதில்ல" என்றார்.

போட்டோவும் வேண்டாம். காப்பகப் பிள்ளைகளின் அடையாளம் வெளியே தெரியும்படி படம் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும். நாளைக்கு அந்தப் பெண் கல்லூரிக்குப் போவாள். நம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சோற்றுத் தட்டோடு நிற்கும் முகமாக அவள் ஏன் இருக்க வேண்டும்?

பணமாகக் கொடுப்பதில் தவறுகள் வேறு மாதிரி. 'குழந்தைக்கு அவசர ஆபரேஷன்' என்று வருகிற ஃபார்வர்டு சில நேரம் பல வருஷம் பழையது. குழந்தை குணமாகிப் பள்ளிக்கூடம்கூடப் போயிருக்கும். அதிலிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யாமல், மருத்துவமனையின் எண்ணை நீங்களே தேடிப் பேசி, முடிந்தால் அவர்கள் கணக்கிலேயே கட்டுங்கள். நன்கொடைக்கு அமைப்புகள் தரும் 80ஜி ரசீது வரிச் சலுகைக்கானதுதான், நன்னடத்தைச் சான்றிதழ் இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகையும் கிடையாது. புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது.

சிக்னலில் கைநீட்டும் குழந்தைக்குச் சில்லறை போடுவதைவிட குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைப்பது மேல்.

'என் காசு அப்படியே ஏழைக்குப் போகணும், ஆபீஸ் செலவுக்குப் போகக்கூடாது' என்று சொல்பவர்களை எனக்கு ரொம்ப நாளாகப் புரிவதில்லை. வேன் ஓட்டுகிறவருக்குச் சம்பளம் வேண்டாமா? கணக்கு எழுத ஆள் வைக்காத இடத்தில் நம் காசு எங்கே போனது என்று யார் சொல்வது? கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அது சரி. செலவே இல்லை என்று ஒருவர் சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இந்த வருஷம் மகள் பிறந்தநாளுக்கு அந்த அம்மாவுக்கு முன்கூட்டியே போன் போட்டேன். கேக் வேண்டாம் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொண்ணுங்களுக்கு ஸ்கூல் ஷூ கிழிஞ்சிருக்கு சார். வெள்ளிக்கிழமை கூப்பிடுங்க, சைஸ் எடுத்து எழுதி வைக்கிறேன்" என்றார்.