தமிழ் பேசும் குழந்தையின் பேச்சைப் பதிவு செய்து அளப்பது எப்படி

“வீட்டுல நல்லாத்தான் பேசறான் மேடம், இங்க வந்தா வாயே தொறக்க மாட்டேங்கிறான்.” பேச்சுப் பயிற்சிக்குக் குழந்தையை அழைத்து வரும் தாய்மார்களில் பாதிப் பேராவது இப்படிச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. அறிமுகமில்லாத அறையில், அறிமுகமில்லாத ஒருவர் படத்தைக் காட்டி “இது என்ன?” என்று கேட்கும்போது கிடைக்கும் பதிலை வைத்து ஒரு குழந்தையின் மொழியை மதிப்பிட முடியாது. அதனால்தான் இயல்பாக நடக்கும் பேச்சைப் பதிவு செய்து, எழுதி எடுத்து, எண்ணிப் பார்க்கும் முறை, பேச்சு மொழிக் குறைபாடு பற்றிய ஆய்வில் அடிப்படைக் கருவியாக இருந்துவருகிறது. ஆய்வேடு எழுதும் மாணவர்களையும், தாம் தரும் பயிற்சி பலிக்கிறதா என்று முறையாக அறிய விரும்பும் பயிற்சியாளர்களையும் மனத்தில் வைத்து, இதைத் தமிழுக்கு எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன்.

பதிவுக் கருவியைத் தொடுவதற்கு முன்பு குழந்தையின் கேட்கும் திறனைச் சோதித்துவிட வேண்டும். சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்திருக்கும் குழந்தைக்குக் கேட்கும் திறன் வாரத்துக்கு வாரம் கூடிக் குறையும். அந்த நாளில் எடுத்த பதிவு, மொழியின் குறையைக் காட்டுகிறதா காதின் குறையைக் காட்டுகிறதா என்று பின்னால் பிரித்தறிய வழியில்லை. கேட்டவுடன் கையைத் தூக்கிப் பதில் சொல்லத் தெரியாத சின்னக் குழந்தைக்கும், ஓஏஇ (உட்செவி எழுப்பும் மெல்லிய ஒலியை அளப்பது), பெரா (ஒலியைக் கேட்கும்போது செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்துடிப்பை அளப்பது) போன்ற பரிசோதனைகளைக் குழந்தையின் பதிலை எதிர்பாராமலே செய்துவிடலாம். ஆகவே “குழந்தை சிறியது, சோதிக்க முடியவில்லை” என்பதை ஆய்வில் ஒரு காரணமாக எழுதக் கூடாது.

அடுத்தது ஒப்புதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலும் தேவை. ஒப்புதல் படிவம் பெற்றோருக்குப் புரியும் எளிய தமிழில் இருக்க வேண்டும். படிக்க இயலாதவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பாதியில் விலகினாலும் குழந்தைக்குக் கிடைக்கும் பயிற்சி நிற்காது என்பதை வாயாலும் சொல்லுங்கள். பயிற்சி நின்றுவிடுமோ என்ற அச்சத்திலேயே கையெழுத்திடுபவர்கள் உண்டு.

பதிவுக்கு விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை. சட்டையில் செருகும் சிறிய ஒலிவாங்கியைக் குழந்தையின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பொருத்தி, சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதிந்தால் போதும். நம் ஊரில் பதிவைக் கெடுப்பது மின்விசிறி. நான் தொடக்கத்தில் எடுத்த ஒரு பதிவில் விசிறியின் இரைச்சலுக்குள் ‘ச’ எங்கே, ‘த’ எங்கே என்றே தெரியாமல், முழுவதையும் விட்டுவிட நேர்ந்தது. விசிறியை நிறுத்திவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே பதிவை முடித்துக்கொள்ளுங்கள். காணொளிக் கருவியும் கூடவே ஓட வேண்டும். குழந்தை எதைக் காட்டிப் பேசியது என்பது தெரியாவிட்டால் பாதிச் சொற்களுக்குப் பொருள் கிடைக்காது.

விளையாட்டுக்குச் சொப்புச் சாமான், ஒரு பொம்மை, ஒரு பந்து, எழுத்தில்லாத படக்கதை ஒன்று இருந்தால் நிறைவாக இருக்கும். அம்மாவோ பாட்டியோ யாரோடு குழந்தை அதிகம் பேசுமோ அவரே உடன் உட்காரட்டும். அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. “இது நாயா?” என்றால் “ஆமா” என்பதோடு முடிந்துவிடும். “ஐயோ, சோறு கொட்டிடுச்சே!” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு ஐந்து விநாடி காத்திருந்தால், குழந்தை தானாகவே ஏதாவது சொல்லும். பேச்சு ஓடத் தொடங்கியபின் “அப்புறம்?” என்ற ஒரு சொல்லே போதுமானது. குழந்தை ஒரு தடவையில் தொடர்ந்து சொல்வதை ஒரு கூற்று என்கிறோம்; ஐம்பது கூற்றுகளாவது கிடைக்க வேண்டும். நூறு கிடைத்தால் எண்கள் நிலைபெறும். அதற்குப் பெரும்பாலும் அரை மணி நேரம் ஆகும்.

பேச்சை எழுதி எடுப்பதில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது. அரை மணிப் பதிவை எழுதி முடிக்க எனக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறைந்ததே இல்லை. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் உருவாக்கிய ஈலான் என்ற இலவச மென்பொருளில், ஒலியும் காட்சியும் எழுத்தும் ஒரே காலக்கோட்டில் அமையும். குழந்தை “வந்துட்டான்” என்றால் “வந்துட்டான்” என்றே எழுதுங்கள். கை பழகிய எழுத்துத்தமிழில் “வந்துவிட்டான்” என்று திருத்தி எழுதிவிட்டால், குழந்தை சொல்லாத ஒன்றை அதன் கணக்கில் சேர்த்தவர்களாவோம்.

தமிழ் எழுத்தில் மட்டும் எழுதினால் இன்னொரு சிக்கல் வரும். நம் எழுத்து, குரல்நாண் அதிராமல் பிறக்கும் வல்லொலிக்கும் அதிர்ந்து பிறக்கும் மெல்லொலிக்கும் வேறுபாடு காட்டாது. ‘கடல்’ என்பதில் வரும் ‘ட’-வைக் குழந்தை அழுத்திச் சொன்னதா மென்மையாகச் சொன்னதா என்பது எழுத்துக்குள் மறைந்துவிடும். ஒரு குழந்தை “பால் வேணும்” என்றது. பாட்டி டம்ளரில் பாலை ஊற்றி நீட்ட, குழந்தை அழுதுகொண்டே கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டியது. அங்கே கிடந்தது பந்து. அது கேட்டது ஆங்கிலப் ‘பால்’. காகிதத்தில் இரண்டும் ஒன்றே. ஆகவே ஒலிகளை ஆராய்வதாக இருந்தால் அனைத்துலக ஒலிக்குறிகளில் இரண்டாவது வரி ஒன்று எழுதுவது கட்டாயம். ஐயம் எழும் இடங்களில் பிராட் மென்பொருளில் ஒலியின் வரைபடத்தைப் பார்த்தால், குரல்நாண் அதிர்ந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

எது பிழை, எது வட்டார வழக்கு என்ற கேள்விக்கு வருவோம். இதில் ஏற்படும் தவறு, குறைபாடே இல்லாத குழந்தைக்குக் குறைபாட்டுப் பெயரைச் சூட்டிவிடும். “வாழைப்பழம்” என்பதை மதுரைப் பக்கத்துக் குழந்தை “வாளப்பளம்” என்றும், சென்னைக் குழந்தை “வாயப்பயம்” என்றும் சொல்லக்கூடும். வீட்டில் பெரியவர்களும் அப்படியே சொல்வார்களானால் அது பிழை ஆகாது. ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் தமிழகத்தின் பெரும்பகுதியில் பேச்சில் வேறுபாடு இல்லை, யாழ்ப்பாணத்துக் குழந்தைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. “அக்கா வந்துச்சு” என்பது பல குடும்பங்களில் இயல்பான வழக்கு. “அக்கா வந்தான்” என்பது எங்கும் வழக்கில் இல்லை, எனவே அதுதான் கணக்கில் வரவேண்டிய பிழை. இதை முடிவு செய்ய ஒரே வழி, அதே பதிவில் அம்மா பேசுவதையும் சில நிமிடங்களுக்கு எழுதி எடுப்பதுதான். வீட்டாரின் பேச்சே அளவுகோல்; பாடநூல் தமிழ் அன்று.

கூற்றின் நீளத்தை அளப்பதற்கு வருவோம். ஒரு கூற்றில் சராசரியாக எத்தனை உருபன்கள் (பொருள் தரும் மிகச் சிறிய சொல்லுறுப்புகள்) உள்ளன என்று எண்ணும் முறையை, ஆங்கிலம் பேசும் மூன்று குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த ரோஜர் பிரவுன் 1973-இல் விளக்கினார். அவருடைய எண்ணும் விதிகள் ஆங்கிலத்துக்கானவை. தமிழில் சொல்லோடு சொல்லுறுப்பு ஒட்டிக்கொண்டே போகும் என்பதால், அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு குழந்தை “அம்மா வா”, “பந்து போடு” என்கிறது. இன்னொன்று “வந்துட்டேன்”, “தரமாட்டேன்” என்கிறது. சொற்களை எண்ணினால் முதல் குழந்தைக்கு இரண்டு, அடுத்ததற்கு ஒன்று. உருபன்களை எண்ணினால் கதை தலைகீழாகிறது: “தரமாட்டேன்” என்பதில் தா என்ற வேரும், எச்ச விகுதியும், மாட்டு என்பதும், ஏன் என்ற தன்மை விகுதியும் இருக்கின்றன. இரண்டாவது குழந்தைதான் மொழியில் முந்தி நிற்கிறது.

ஆனால் எண்ணுவதிலும் முன்கூட்டி முடிவு செய்ய வேண்டியவை உண்டு. “வந்துட்டேன்” என்பதில் நடுவில் இருக்கும் ‘ட்ட்’ என்பதற்குள் விடு என்ற துணைவினையும் இறந்தகாலமும் சேர்ந்தே கிடக்கின்றன. அதை ஒன்றாக எண்ணலாம், இரண்டாகவும் எண்ணலாம், நடுவில் மாற்றக் கூடாது. “வேணாம்”, “தெரியாது” போன்றவற்றைக் குழந்தை முழுச்சொல்லாகவே பிடித்துக்கொண்டிருக்கலாம் என்பதால், அதே வேரை வேறு விகுதியோடும் சொல்லியிருந்தால் மட்டுமே பிரித்து எண்ணுவது என் வழக்கம். எழுவாய் இல்லாததைக் குறை என்று குறிக்காதீர்கள். “எடுத்தேன்” என்பது தமிழில் முழு வாக்கியம். பாட்டு, பிறர் சொன்னதைத் திருப்பிச் சொன்னவை, “ம்” என்ற பதில்கள் ஆகியவற்றைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். இவ்வாறு எடுத்த முடிவுகளை எல்லாம் விதித்தாள் என்று ஒரு தாளில் எழுதி, ஆய்வறிக்கையோடு இணைத்தால்தான் அடுத்தவர் உங்கள் எண்ணோடு தம் எண்ணை ஒப்பிட முடியும்.

ஒலிப்பிழைகளுக்கு, சரியாகச் சொன்ன மெய்யொலிகளை மொத்த மெய்யொலிகளால் வகுத்து நூறால் பெருக்கும் முறையை ஷ்ரைபெர்க், க்வியட்கோவ்ஸ்கி இருவரும் 1982-இல் முன்வைத்தனர். 85 விழுக்காட்டுக்கு மேல் என்றால் இலேசான குறை, 50-க்குக் கீழே என்றால் கடுமையான குறை என்ற அவர்களின் எல்லைகள், ஆங்கிலம் பேசும் குழந்தைகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை. சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லைகளை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பயிற்சி பலிக்கிறதா என்று அறிய ஒரே குழந்தையை வைத்துக்கூட முறையான ஆய்வு செய்யலாம். நான்கு வயதுக் குழந்தை ஒன்று ‘க’வை ‘த’ ஆக்குகிறது என்று கொள்வோம். அது “காக்கா” என்றால் நமக்குக் கேட்பது “தாத்தா”. பயிற்சிக்கு முன்பு, வெவ்வேறு நாட்களில் மூன்று முறையாவது ஒரே சொற்பட்டியலைச் சொல்லவைத்துப் பதிய வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ள சொற்களைப் பயிற்சியில் பயன்படுத்தக் கூடாது. சொற்களைத் தேர்வதில் தமிழ் ஒலியமைப்பு குறுக்கே வரும்: சொல்லின் நடுவில் தனித்து வரும் ‘க’, “பகல்” என்பதில் போலத் தேய்ந்து ஒலிக்கும், “தங்கம்” என்பதில் மெல்லொலியாகிவிடும். எனவே முதலெழுத்துக்குக் “கால்”, “கதவு” போன்றவற்றையும், நடுவில் இரட்டித்து வரும் “மூக்கு”, “பாக்கு” போன்றவற்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கூடவே, குழந்தை தவறாகச் சொல்லும் வேறோர் ஒலியையும், ‘ர’ என்று வைத்துக்கொள்வோம், பயிற்சி தராமல் அளந்துவாருங்கள். ‘க’ ஏறி ‘ர’ நின்ற இடத்திலேயே நின்றால், ஏற்றத்துக்குக் காரணம் பயிற்சி என்று சொல்ல வலு உண்டு. இரண்டும் சேர்ந்து ஏறினால், வயது செய்த வேலையாக இருக்கக்கூடும். ‘க’ நிலைபெற்றதும் ‘ர’வுக்கும் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள், ஆய்வுக்காகக் குழந்தையைக் காக்கவைப்பது அதற்கு மேல் நியாயமில்லை.

பயிற்சி முடிந்தபின் எடுக்கும் உரையாடல் பதிவில், அதே சொப்பு, அதே நேரம், அதே பாட்டி இருக்க வேண்டும். பட்டியலில் “மூக்கு” என்று தெளிவாகச் சொல்லும் குழந்தை, விளையாட்டு வேகத்தில் “மூத்து” என்றே சொல்வதுண்டு. பெற்றோருக்கு வேண்டியது விளையாட்டில் வரும் “மூக்கு”தான். முன் பதிவு எது, பின் பதிவு எது என்று தெரியாத ஒருவரைக்கொண்டு எழுதி எடுக்கச் செய்யுங்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பகுதியை இன்னொருவரும் தனியாக எழுதட்டும். இருவரும் ஒத்துப்போன இடங்களின் விழுக்காட்டைக் கணக்கிட்டு, ஒத்துப்போகாதவற்றை ஒன்றாக உட்கார்ந்து கேளுங்கள். எண்பதுக்குக் கீழே போனால் விதித்தாளில்தான் ஓட்டை இருக்கும்.

குழந்தையின் பெயர், ஊர், பள்ளி எல்லாவற்றையும் குறியீடாக மாற்றியபின், பெற்றோர் தனியாக இசைவு தந்தால், எழுதி எடுத்த பேச்சை மற்ற ஆய்வாளர்களுக்கும் கொடுக்கலாம். பிரயன் மக்வின்னியும் கேத்தரின் ஸ்நோவும் 1984-இல் தொடங்கிய சில்ட்ஸ் என்ற குழந்தைமொழித் தரவுத்தொகுப்பில், நரசிம்மனும் வைத்தியநாதனும் பதிந்த தமிழ்க் குழந்தையின் உரையாடல்கள் இருக்கின்றன. உங்கள் முதல் பதிவுக்கு உட்காரும் முன் அதைத் திறந்து, ஒரு பக்கத்தையாவது உங்கள் விதித்தாளின்படி எண்ணிப் பாருங்கள்.