பிரசவத் தையல் நன்கு ஆற

சுகப்பிரசவத்தின்போது யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி கிழிவது பரவலாக நிகழ்வதுதான் என்றாலும், கிழிசல் தோலோடு நின்றதா, தசைவரை சென்றதா, ஆசனவாயைச் சுருக்கும் தசையையும் தொட்டதா என்பதைப் பொறுத்து அது 1 முதல் 4 வரையிலான நிலைகளாகப் பிரிக்கப்படுவதால், உங்களுக்கு எந்த நிலை என்பதை வீடு திரும்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் 2, 3 நாட்களுக்குப் பனிக்கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றி 10 நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் வீக்கமும் வலியும் குறையும். சிறுநீர் கழிக்கும்போதே வெதுவெதுப்பான நீரை ஒரு மக்கில் எடுத்து மெல்ல ஊற்றினால் எரிச்சல் தணியும். பிறகு, தேய்க்காமல், முன்னிருந்து பின்னாக ஒற்றி எடுக்க வேண்டும்.

தையல் பிரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மலத்தை அடக்கவே கூடாது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரையும் காய்கறியையும் குறைக்கும் பத்தியம் இன்றும் பல வீடுகளில் தொடர்வது மிகுந்த வருத்தம் தருகிறது. ஏனெனில் அதனால் மலம் இறுகி, முக்க நேர்ந்து, ஆறிவரும் புண்ணுக்குத்தான் வேதனை கூடுகிறது. கீரையும் பழமும் போதிய நீரும் கொடுங்கள். தேவைப்பட்டால் மலமிளக்கியை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மலம் கழிக்கையில் சுத்தமான நாப்கினை மடித்துத் தையல்மேல் இதமாக அழுத்திப் பிடித்துக்கொண்டால் பயம் பெருமளவு விலகும்.

காய்ச்சல், துர்நாற்றம், நாளுக்கு நாள் கூடும் வலி, தையல் விலகல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாயுவையோ மலத்தையோ அடக்க முடியவில்லை என்றால், கூச்சப்பட்டு மறைக்காமல் சொல்லுங்கள். அது கவனிக்கப்படாமல் விடுபட்ட ஆசனவாய்த் தசைக் கிழிசலின் அறிகுறியாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சையும் உண்டு.