அரசு மனநல ஆலோசனையைப் பெறுவது எப்படி?

மனநல ஆலோசனை என்றதும் தனியார் மருத்துவரின் கட்டணத்தை எண்ணித் தயங்குபவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அரசின் வழியாக அந்த உதவி கட்டணமின்றிக் கிடைக்கிறது. எங்கே, எந்த நாளில் என்று அறிந்துகொள்வதுதான் பாதி வேலை.

நேரில் செல்லத் தயக்கமிருந்தால் தொலைபேசியில் தொடங்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். முதலில் பேசும் ஆலோசகர், தேவையென்று கருதினால் மனநல வல்லுநருடன் இணைப்பார், அல்லது நேரில் செல்ல வேண்டிய இடத்தைச் சொல்வார்.

நேரில் செல்வதானால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மாவட்டத் தலைமை மருத்துவமனையோ ஏற்ற இடம். மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் வட்ட மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவதுண்டு என்பதால், அந்த நாளை முன்பே விசாரித்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம். சென்னையில், 1794இல் தொடங்கிய மனநலக் காப்பகம் இப்போது கீழ்ப்பாக்கத்தில் இயங்குகிறது; பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை, புறநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம்.

ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில், பின்னால் ஆட்கள் நிற்கும்போது, 'மனநலப் பிரிவு' என்று உரக்கச் சொல்லப் பலருக்கும் கூச்சமாக இருக்கும். துண்டுத் தாளில் எழுதி நீட்டினால் போதும். அந்தக் கூச்சத்தால் பொது மருத்துவப் பிரிவுக்குச் சீட்டு வாங்கி, 'தூக்கம் வரவில்லை' என்று மட்டும் சொல்லி மாத்திரையோடு திரும்புவதில் பயனில்லை. உறக்கமும் பசியும் எப்போதிலிருந்து மாறின, வேலையிலோ படிப்பிலோ என்ன தடைப்படுகிறது, ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகள் எவை, மதுப்பழக்கம் உண்டா என்பவற்றை வீட்டிலேயே குறித்து எடுத்துச் செல்வது நல்லது. மருத்துவர் முன் அமர்ந்ததும் பாதி மறந்துவிடும். மருந்து தந்தால், அது தீருமுன் மறுபடியும் செல்ல வேண்டும். சற்றுத் தெளிவு வந்ததும் தாமாகவே நிறுத்திவிடுவதுதான் வழக்கமான சறுக்கல்.

சொன்னது வெளியே போய்விடுமோ என்ற அச்சத்துக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் விடையளிக்கிறது: உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களைத் தவிர, சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டியது மருத்துவர்களின் கடமை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுவதால், வழக்குக்கு அஞ்சி அவரை வீட்டிலேயே மறைத்து வைக்கக் கூடாது. உடனே 108ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டும்.