லிஸ்பனிலிருந்து ஹெல்சின்கிக்கு: விமானத் தொலைவையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

லிஸ்பனில் நண்பகல் 12 மணிக்குப் புறப்படும் விமானம் ஹெல்சின்கியில் மாலை 6.35-க்குத் தரையிறங்கும் என்று பயணச்சீட்டில் இருந்தால், பயணம் ஆறரை மணி நேரம் என்று புதியவர்கள் எளிதில் எண்ணிவிடக்கூடும். உண்மையில் அது ஏறத்தாழ நாலரை மணி நேரப் பயணம்தான். சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்று கையில் இருந்தால் இதை யாரும் சரிபார்த்துவிடலாம்.

முதலில், எந்த விமான நிலையம் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஃபிராங்க்ஃபர்ட்-ஹான் விமான நிலையம் ஃபிராங்க்ஃபர்ட் நகரிலிருந்து 100 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. நமது எடுத்துக்காட்டில் லிஸ்பனின் உம்பெர்ட்டோ டெல்காடோ நிலையத்தையும் ஹெல்சின்கி-வான்டா நிலையத்தையும் எடுத்துக்கொள்வோம்.

இரண்டாவதாக, அட்சரேகை, தீர்க்கரேகை மதிப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். லிஸ்பன்: வடக்கு 38.774, மேற்கு 9.134. ஹெல்சின்கி: வடக்கு 60.317, கிழக்கு 24.963. லிஸ்பன் கிரீனிச்சுக்கு மேற்கே இருப்பதால் அதன் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி இட வேண்டும். ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 34.097 பாகை. அந்தக் குறியை விட்டுவிட்டால் வேறுபாடு 15.829 எனச் சுருங்கி, இறுதி விடையில் 700 கி.மீ.க்கு மேல் குறைந்துவிடும் என்பதால், இந்த இடத்தில் நிதானம் மிகவும் தேவை.

மூன்றாவது, தொலைவு. பூமி உருண்டை என்பதால், தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளப்பது பயன்படாது. கால்குலேட்டரைப் பாகை முறையில் வைத்து, இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.54407. அடுத்து, அவற்றின் கோசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனையும் ஒன்றாகப் பெருக்குங்கள்: 0.31970. இரண்டின் கூட்டுத்தொகை 0.86377, இதற்குத் தலைகீழ்க் கோசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) கண்டால் 30.26 பாகை கிடைக்கும். பூமியின் பரப்பில் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்பதால், தொலைவு சுமார் 3,365 கி.மீ.

நான்காவது, நேரம். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொண்டால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மேலேறவும் இறங்கவும் வேகம் குறைவதால் அரை மணி நேரம் சேர்த்தால் 4 மணி 35 நிமிடம். தொலைவைப் போல இது உறுதியான எண் அன்று, மதிப்பீடு மட்டுமே. ஐரோப்பிய வானில் மேற்கிலிருந்து வீசும் காற்றே மிகுதி என்பதால், கிழக்கு நோக்கிய பயணத்தில் அது விமானத்தைத் தள்ளிவிடும். திரும்பும்போது எதிர்த்து நிற்கும். ஆதலால் திரும்பும் பயணத்துக்குக் கால் மணி நேரம் கூட்டிக்கொள்வது நல்லது.

கடைசியாக, கடிகாரம். ஃபின்லாந்து போர்ச்சுகலைவிட இரண்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. கோடைக்கால நேர மாற்றம் இரு நாடுகளிலும் ஒரே கணத்தில் நடப்பதால் இந்த வேறுபாடு ஆண்டு முழுவதும் மாறாது. கிழக்கே செல்லும்போது இரண்டு மணி நேரத்தைக் கூட்டுங்கள், மேற்கே வரும்போது கழியுங்கள். ஹெல்சின்கியில் காலை 8 மணிக்குப் புறப்பட்டு 4 மணி 50 நிமிடம் பறக்கும் விமானம், லிஸ்பன் நேரப்படி காலை 10.50-க்குத் தரையிறங்கும்.