பயாஸ் திறக்கவில்லையா? ஸ்குரூடிரைவரைக் கீழே வையுங்கள்

பெங்களூரின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் அலுவலகங்கள் கழித்துக்கட்டிய லேப்டாப்பை மலிவாக வாங்கி, பென் டிரைவிலிருந்து விண்டோஸைப் புதிதாக ஏற்ற உட்காருகிறார்கள் நம் பிள்ளைகள். பென் டிரைவிலிருந்து தொடங்கு என்று கணினிக்குச் சொல்ல பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போக வேண்டும். எஃப்2 விசையை எத்தனை தட்டு தட்டினாலும் அது வராது. நேராக விண்டோஸ் வந்து நிற்கும். மதர்போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டி மூடியைக் கழற்றத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது.

முதல் தவறு, ‘ஷட் டவுன்’ கொடுத்துவிட்டு மறுபடி பவர் பட்டனை அழுத்துவது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் என்பது முழுமையாக அணைவதல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால், இயங்குதளத்தின் மையப்பகுதி டிஸ்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். பயாஸும் தன் பங்குக்கு அவசரமாகச் சோதனையை முடித்துக்கொண்டால், விசையைக் கவனிக்கும் நேரம் கண்ணிமைக்கும் அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த நொடியைத் துரத்தவே தேவையில்லை. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போனால் கணினியே உங்களை உள்ளே கொண்டுபோய் விடும். கடைசித் தெரிவு அங்கே இல்லையென்றால், பெரும்பாலும் விண்டோஸ், யூஇஎஃப்ஐ என்ற புதுவகை பயாஸுக்கு முந்தைய லெகசி முறையில் நிறுவப்பட்டிருக்கிறது; அப்போது விசைதான் வழி.

அந்த விசையும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. டெல், ஏசரில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1, தனியாக வாங்கிச் சேர்த்த மதர்போர்டுகளில் பெரும்பாலும் டிலீட். லோகோ வரட்டும் என்று காத்திருக்காமல், பவர் பட்டனை அழுத்தியதுமே விட்டு விட்டுத் தட்ட வேண்டும். எஃப் விசைகள் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வேலை செய்யும் லேப்டாப் என்றால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். புளூடூத் கீபோர்டை நம்ப வேண்டாம். விண்டோஸ் எழுந்த பிறகே அதில் பலவற்றுக்கு உயிர் வரும்.

பாஸ்வேர்டு கேட்டு நின்றால் கதை வேறு. இது எஸ்.பி. ரோட்டு லேப்டாப்புகளுக்கே உரிய தலைவலி: பழைய நிறுவனம் வைத்த பூட்டை யாரும் நீக்கியிருக்க மாட்டார்கள். மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று சொல்வார்கள். பழைய டெஸ்க்டாப்புகளில் அது பலித்தது. அலுவலக லேப்டாப்புகளில் பாஸ்வேர்டு பொதுவாக மின்சாரம் இல்லாமலும் அழியாத சிப்பில் இருக்கும். பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம்தான் பின்னுக்குப் போகும். ஆகவே, பணம் கொடுக்கும் முன்பே, “அண்ணா, பயாஸுக்குள் போய் ஒரு செட்டிங்கை மாற்றிக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். திறந்து காட்டினால் மட்டும் போதாது. சில லேப்டாப்புகள் பார்க்க விடும், மாற்ற விடாது.

உள்ளே போனபின் அவசரம் கூடாது. ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்குடன் கணினி பேசும் விதத்தைத் தீர்மானிக்கும் சாட்டா முறையை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றினால், ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் எழாமல் போகலாம். நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் ‘செக்யூர் பூட்’ அமைப்பையோ, பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப்பின் அமைப்பையோ தொட்டால், டிஸ்கைக் குறியாக்கம் செய்து பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லையென்றால் டிஸ்கில் உள்ள படங்களும் ஆவணங்களும் திரும்பக் கிடைக்காமல் போகலாம். அதை முதலில் எழுதி வைத்துவிட்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திய பிறகே கை வையுங்கள்.