கேட்பாரற்ற வண்டிகளை ஏலத்தில் எடுக்கும் முன்

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டுப் பக்கம் போய்வருபவர்கள், காவல் நிலைய மதிலோரம் கொடி படர்ந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பார்கள். உரிமை கோரி யாரும் வராத அவ்வண்டிகள், கெடு முடிந்தபின், மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் இணையதளத்தில் பெரும்பாலும் மின்னேலத்துக்கு வருகின்றன. அறிவிப்பு மலையாளத்தில் இருந்தால் 'லேலம்' என்ற சொல்லைத் தேடுங்கள். ஏலத்தை அங்கே அப்படித்தான் எழுதுகிறார்கள்.

பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரங்களோடு அத்தளத்தில் வாங்குபவராகப் பதிவு செய்து, ஏலத்துக்குரிய முன்பணத்தைக் கட்டுவது எளிய வேலை. விற்கப்படுவது ஓட்டுவதற்கான வண்டியா, உடைப்பதற்கான பழைய இரும்பா என்பதை நிபந்தனைகளில் தேடிப் படிப்பதுதான் முக்கியமானது. பல வண்டிகளை ஒரே தொகுதியாகக் கட்டி உடைப்புக்கென்றே விற்கும்போது, அதில் ஒன்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைச் சாலையில் ஓட்ட முடியாது. இது தெரியாமல் என் முதல் ஏலத்தில், ஒரேயொரு நல்ல பைக்குக்காகத் தொகுதி முழுவதையும் எடுத்தேன். கடைசியில் எடைக்குத்தான் போட முடிந்தது.

'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்திலேயே' என்பதே இங்கே விற்பனை முறையாதலால், பார்வைக்கு அனுமதித்த நாளில் நேரில் போகாமல் விலை கேட்காதீர்கள். தென்மேற்குப் பருவமழையில் நனைந்த வண்டியில், வெளியே தெரியும் துருவைவிடத் தரைத்தகட்டின் அடித்துருவே ஆபத்து. டார்ச் விளக்கு, பழைய பல்துலக்கி, சிறிது மண்ணெண்ணெய், பென்சில், மெல்லிய தாள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். பைக்கில் சேஸிஸ் எண் (வண்டியின் சட்டகத்தில் பொறித்த அடையாள எண்) பெரும்பாலும் கைப்பிடிக்குக் கீழே, முன்கழுத்துக் குழாயில் இருக்கும். அழுக்கைத் துலக்கி, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தெளிவாக எழும். ஓரெழுத்து அராவப்பட்டிருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பதிவெண் இருந்தால், வாகன விவரம் காட்டும் அரசுச் செயலியான எம்பரிவாகனில் போட்டு, வண்டியின் வயதையும், நிதி நிறுவனக் கடன் நிற்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். பளபளப்பைக் கண்டு மயங்குபவர்கள் இந்தப் பத்து நிமிட வேலையைத்தான் தவறவிடுகிறார்கள்.

விலை கேட்கும்போது வரிகள், கிரேன் வாடகை, மினி லாரிக் கூலி ஆகியவற்றைக் கழித்துவிட்டு உச்சவரம்பை முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள். ஏலம் முடிந்தபின் பணம் கட்டவும் வண்டியை அகற்றவும் தனித்தனிக் கெடு உண்டு; தவறினால் முன்பணம் போய்விடும்.

ஓட்டுவதற்கான வண்டியானால், கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் படிவம் 32-ஐப் பூர்த்திசெய்து, விற்பனையை உறுதிசெய்யும் ஆணையோடும் ஏலத்துக்கு அதிகாரமளித்த அரசாணையின் சான்றிட்ட நகலோடும் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பொள்ளாச்சியிலோ கோவையிலோ நிரந்தரமாக வைத்திருப்பதானால், படிவம் 28 வழியாகக் கேரளப் பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றைப் பெற்று, தமிழ்நாட்டில் வரி கட்டி, புதிய பதிவெண் வாங்க வேண்டும். காப்பீடு இல்லாத வண்டியை எல்லை தாண்டி ஓட்டிவர ஆசைப்படாதீர்கள்; லாரியில் ஏற்றி, ஏல ஆணையின் நகல் ஒன்றை ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புங்கள்.